லிஃப்ட்காரரின் மாடி மரம்

முப்பத்தோரு வருடம் ஒன்பது மாடிக்கு ஏறி இறங்கியவர், மூன்றடி ஸ்டூலிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். மருத்துவமனையில் புது மூட்டு வைத்து வீட்டுக்கு அனுப்பிய மறுநாள் அவரைக் கவனித்துக்கொள்ள நர்ஸாக நான் போய்ச் சேர்ந்தேன்.

அரசாங்கக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டியவர். ஓய்வு பெற்று எட்டு வருடமாகியும் தெருவில் அவர் லிஃப்ட்காரர்தான். பேச்சும் அப்படியே. காலையில் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினால் "மேல போகுது" என்பார். பெட்பேன் வைத்தால் "கதவு மூடுது, கை பத்திரம்" என்பார். முதல் வாரம் சிரிப்பு வரும். இரண்டாவது வாரம் வராது.

அவருடைய படிப்பு முழுக்க லிஃப்டில் நடந்தது. ஆறாவது மாடியில் மரம், பூங்கா இலாகா இருந்தது. அந்த அதிகாரிகள் தரைத்தளத்தில் பேச்சைத் தொடங்குவார்கள். ஆறாவது மாடியில் பேசிக்கொண்டே இறங்கிப் போவார்கள். நடுவே லிஃப்ட்காரர் கேள்வி கேட்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். அதனால் அவருக்குத் தெரிந்த ஒவ்வொரு விஷயமும் ஆறு மாடி நீளம்தான். ஸ்ட்ராபெரியின் மேல் விதை மாதிரி ஒட்டியிருக்கிறதே, அதுதான் உண்மையான பழம் என்று தெரியும். அப்படியானால் நாம் தின்பது என்ன என்று தெரியாது. ஆப்பிள் விதையில் விஷம் உண்டு என்று தெரியும். எத்தனை தின்றால் ஆபத்து என்று தெரியாது. ஆகவே ஆப்பிளை நறுக்கிக் கொடுத்தால், கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகே வாயில் வைப்பார்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெரிய அதிகாரி லிஃப்டில் சொன்னாராம்: "ரோஜா, ஆப்பிள், பேரிக்காய், பிளம்ஸ், பீச், செர்ரி, பாதாம், எல்லாம் ஒரே குடும்பம். ரோஜாக் குடும்பம்னு பேரு. அதனால ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டுப் போடலாம். ஆனா..."

கதவு திறந்தது. அதிகாரி இறங்கிவிட்டார். அடுத்த வாரம் மாற்றலாகி வேறு ஊருக்கும் போய்விட்டார்.

லிஃப்ட்காரர் 'ஆனா'வை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டார். வீட்டுப் பின்புறம் ஒரு பிளம்ஸ் மரம் நின்றது. கிளையை வெட்டி, வெட்டிய இடத்தைப் பிளந்து, வேறு மரத்தின் குச்சியைச் செருகி, துணியால் இறுக்கிக் கட்டுவார். பீச் பிடித்தது. ஆப்ரிகாட் பிடித்தது. பாதாம்கூடப் பிடித்தது. கட்டுகளை நான் பார்த்தேன். பயிற்சிக்கு வந்த பெண்கள் இதைவிட மோசமாகக் கட்டுப் போட்டு நான் பிரித்திருக்கிறேன். ஆப்பிள் மட்டும் நான்கு தடவை காய்ந்து போனது. ஆப்பிளுக்கு மனசு சரியில்லை என்று விட்டுவிட்டார்.

கடைசியாக ரோஜா. குளிர் முடிகிற சமயம், அடிமரத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு ரோஜாக் குச்சியைச் செருகிக் கட்டினார். மிச்சக் குச்சிகளை அடுத்த முயற்சிக்கு ஆகும் என்று மரத்தடி மண்ணில் குத்தி வைத்தார். பிறகு பாதாமைப் பார்க்க ஸ்டூலில் ஏறினார். அதற்குமேல் நடந்தது மருத்துவமனைச் சீட்டில் இருக்கிறது.

மூன்று மாதத்துக்குக் குனியக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. குனிந்தால் புது மூட்டு நழுவிவிடும். செருப்பு மாட்டக்கூட நான்தான் வேண்டும். நடக்கச் சொன்னால் நடக்க மாட்டார். "எங்க போறதுக்கு?" என்பார்.

ஒன்பதாவது வாரம் மகள் மரம், பூங்கா இலாகாவின் கடிதம் ஒன்றோடு வந்தாள். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் கொடுத்த புகார்: பிளம்ஸ் மரம் மதிலைத் தாண்டி நிற்கிறது, பழம் விழுந்து வெள்ளைக் கார் கறையாகிறது, மரத்தை வெட்ட வேண்டும். புகார் கொடுத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இப்போதுதான் ஆய்வாளர் பதினோரு நாளில் வருவதாகக் கடிதம்.

"நல்லதாப் போச்சு. வெட்டட்டும்பா. உங்களத் தள்ளிவிட்ட மரம்தானே," என்றாள் மகள்.

"மரம் தள்ளல. ஸ்டூல் தள்ளுச்சு. ஸ்டூல வெட்டு."

"சிஸ்டர், நீங்களாவது சொல்லுங்க."

"எனக்கு இடுப்பு மட்டும்தாம்மா பொறுப்பு," என்றேன்.

அவள் போன பிறகு அவர் என்னைப் பார்த்தார். "சிஸ்டர், படுத்துக்கிட்டு மரத்துக்காகப் பேச முடியுமா?"

"முடியாது."

"அப்ப நடக்க விடுங்க."

கட்டிலிலிருந்து பின்கதவு வரை பதினான்கு அடி. கதவிலிருந்து மரம் வரை இருபத்திரண்டு. இரண்டு மாதமாக நான் கெஞ்சியும் நடக்காத மனிதர், வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஐந்தாவது நாள் கதவுக்கும் எட்டாவது நாள் மரத்துக்கும் போய்விட்டார். அங்கே வாக்கரை நிறுத்திக் கீழே பார்த்தார்.

முழங்கால் உயரத்தில், அவர் கட்டிய கட்டுக்குப் பக்கத்தில், சிவப்பாக ஒரு ரோஜா.

"பிடிச்சிடுச்சு சிஸ்டர்! தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவுல நின்னுடுச்சு!"

நான் குனிந்து பார்த்தேன். எனக்குத் தடை இல்லை. கட்டுக்குள் இருந்த குச்சி சுள்ளியாகக் காய்ந்து கிடந்தது. மண்ணில் குத்தி வைத்ததில் ஒன்று வேர்விட்டு, மரத்தின்மேல் சாய்ந்து பூத்திருந்தது. நிமிர்ந்தேன். ரத்த அழுத்தம் பார்க்கிற நேரமாகிவிட்டது என்றேன்.

பதினோராம் நாள் காலை ஆய்வாளர் வந்தார். ஐம்பது வயதுப் பெண், கையில் படிவம் செருகிய அட்டை. வாக்கரோடு மரத்தடியில் நின்றவரைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"லிஃப்ட் அண்ணே! நீங்களா?"

"ஆறாவது மாடி," என்றார் இவர், அவரை அடையாளம் கண்டுகொண்டு.

பல் டாக்டர் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். மகளும் வந்திருந்தாள். ஆய்வாளர் படிவத்தைப் புரட்டினார். "மரத்தின் பெயர்: பிளம்ஸ். எதுண்ணே பிளம்ஸ்?"

லிஃப்ட்காரர் கையை நீட்டினார். "தரைத்தளம் பிளம்ஸ். முதல் மாடி பீச்சு, மதில் தாண்டிப் போறது அதுதான். இரண்டாவது ஆப்ரிகாட். மூணாவது பாதாம். பழம் உங்க கார்ல விழுதுன்னு பிளம்ஸ் கிளையெல்லாம் நானே எடுத்துட்டேன் டாக்டர் சார். இப்ப அடிமரம் மட்டும்தான் பிளம்ஸ்."

"எந்தப் பழமா இருந்தா என்னங்க? கார்ல விழுதே!" என்றார் பல் டாக்டர்.

"விழுறது பீச்சு சார். நீங்க எழுதினது பிளம்ஸ்," என்றார் ஆய்வாளர்.

"சரி, பிளம்ஸையே வெட்டுங்க!"

"வெட்டலாம். ஆனா மேல இருக்கிற மூணு மரத்து மேல புகாரே இல்லையே. அதுங்கள எங்க நிக்க வைக்கிறது?"

பல் டாக்டர் வாயை அகலமாகத் திறந்து வைத்திருந்தார். அவரிடம் போகிறவர்கள்தான் வழக்கமாக அப்படி இருப்பார்கள்.

"பீச்சுக்குத் தனியா ஒரு புகார் கொடுங்க," என்றார் ஆய்வாளர். "வரிசைப்படி வருவோம்."

"எப்ப?"

"இதுக்கு மூணு வருஷம் ஆச்சு."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. பல் டாக்டரின் தலை மதிலுக்குக் கீழே இறங்கிப் போனது.

பிரச்சினை அதோடு முடிந்திருக்கும். லிஃப்ட்காரர் விடவில்லை. "மேடம், பன்னிரண்டு வருஷமா ஒண்ணு கேக்கணும். எல்லாம் ஒரே குடும்பம், ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டுப் போடலாம், ஆனா... அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் என்ன?"

ஆய்வாளர் யோசிக்கவே இல்லை. "ஆனா நெருங்கின சொந்தம்தான் ஒட்டும்ணே. பிளம்ஸ்ல பீச்சு, பாதாம் வரும். ஆப்பிள் தூரத்துச் சொந்தம், வராது. ரோஜா வரவே வராது."

"அப்ப இது?" என்று வாக்கரின் காலால் பூவைக் காட்டினார்.

ஆய்வாளர் குனிந்தார். மண்ணைப் பார்த்தார். குனிந்தபடியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"அவர் இன்னும் மூணு வாரம் குனியக் கூடாது," என்றேன். "டாக்டர் உத்தரவு."

அவர் நிமிர்ந்து, படிவத்தில் 'மரத்தின் பெயர்' என்ற சின்னக் கட்டத்தில் ஐந்து பெயர்களை நெருக்கி நெருக்கி எழுதினார். கீழே, 'புகாரில் குறிப்பிட்ட மரம் இந்த முகவரியில் தனியாக இல்லை' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை லிஃப்ட்காரர் வாக்கரைக் கட்டிலோரம் நிறுத்தினார். பிறகு சொன்னார்: "நல்ல பொண்ணுதான். ஆறாவது மாடியோட நின்னுட்டா. ஏழாவதுல கேட்டிருந்தா வேற சொல்லியிருப்பாங்க."

மூன்று வாரம் கழித்து டாக்டர் தடையை நீக்கினார். எனக்கும் அந்த வீட்டில் வேலை முடிந்தது. பையைக் கட்டிக்கொண்டே, "ஐயா, இனிமே நீங்க குனியலாம்," என்றேன்.

அவர் ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்தார். ரோஜாவில் இன்னொரு மொட்டு விட்டிருந்தது.

"எதுக்கு சிஸ்டர்? எனக்குக் கீழ ஒரு வேலையும் இல்ல," என்றார்.