இசைத்தட்டில் மாறிய பேர்: தாராவி, மாதுங்கா, செம்பூர், ஒரு நாள்

‘சர்க்கிள் ஃபைவ்’ இசைக்குழுவின் பாட்டெல்லாம் எங்கெங்கே பதிவானது என்று பட்டியல் போடுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு மாதுங்காவுக்கும் செம்பூருக்கும் போய்ப் படம் பிடித்து வருகிறார்கள். அந்தப் பட்டியலை என் மகள் வாசித்துக் காட்டினாள். முதல் இசைத்தட்டுக்கு நேரே, ‘டிரம்ஸ்: ஏ. நாச்சி. பார்சிக்காரராக இருக்கலாம்’ என்று இருந்தது. பார்சியும் இல்லை, ஒன்றும் இல்லை. அது என் கூடப்பிறந்த அண்ணன். இதே வழியில் நான் 1968ல், மழை பிடிப்பதற்கு முந்தின வாரம், ஒரு சனிக்கிழமை அலைந்தேன். போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எழுத்தில் பிழை இருக்கும், ஞாபகத்தில் இருக்காது.

அண்ணன் தாராவியில் டின் பட்டறையில் தகரம் தட்டுகிறவர். குழுவின் டிரம்ஸ்காரருக்கு மஞ்சள் காமாலை வந்ததால், குழுத் தலைவர் ரமணி இவரைக் கூட்டிப் போனார். தட்டின் இரண்டு பக்கமும் வாசித்தது இவர்தான். மறு வருஷம் கோட்டைப் பக்கம் ஒரு ஹோட்டலில் சாயங்கால வாசிப்புக்கு ஆள் தேடினார்கள். அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு போனார். மேனேஜர் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதில் உன் பேர் எங்கே? திங்கட்கிழமைக்குள் ஸ்டூடியோவில் எழுதி வாங்கி வா” என்று அனுப்பிவிட்டார். அண்ணன் போகட்டும் என்று பட்டறைக்கே திரும்பிவிட்டார். தகரச் சத்தத்தில் அவருக்கு அப்போதே ஒரு காது மந்தம். இன்னும் இரண்டு வருஷம் அங்கே இருந்தால் மற்றதும் போயிருக்கும். அதனால் நான் கிளம்பினேன், இடுப்பில் ஒரு வயதுப் பிள்ளையோடு.

காலை ஏழரைக்குப் புறப்பட்டு சயான் ஸ்டேஷனுக்கு இருபது நிமிஷ நடை. அங்கிருந்து மாதுங்கா ஒரே ஸ்டேஷன். பதினைந்து பைசா டிக்கெட். ரமணி வீடு மூன்றாவது மாடி, அறுபத்திரண்டு படி. எண்ணிக்கொண்டே ஏறினால்தான் என்னால் ஏற முடியும்.

“ரமணி சார், தட்டுல எங்க அண்ணாச்சி பேரக் காணலியே?”

“அது கம்பெனிக்காரன் பண்ணினது. நான் என்ன பண்ண முடியும்?”

“அச்சடிக்க முந்தி நீங்கதான வாசிச்சுப் பாத்தீங்க?”

“பாத்தேன். நாச்சின்னு கேக்க நன்னாத்தான் இருந்தது, விட்டுட்டேன். செம்பூர் ஸ்டூடியோவுல ரிஜிஸ்டர் இருக்கும், போய்ப் பாருங்கோ.”

அவர் அம்மா தண்ணீர் கொடுத்தார். எனக்கென்று தனி டம்ளர், விளிம்பு நசுங்கினது. குடித்துவிட்டு அதை வாசலிலேயே கவிழ்த்து வைக்கச் சொன்னார். வைத்தேன்.

மாதுங்காவில் ஏறி குர்லாவில் மாற வேண்டும். அடுத்த வண்டிக்கு நாற்பது நிமிஷம் நின்றேன். மீன் கூடைகளுக்கு நடுவில் பிள்ளை அழுது அழுது தூங்கிப்போனான். செம்பூரில் இறங்கும்போது பதினொன்று ஐம்பது. இடுப்பு விட்டுப்போயிருந்தது. வெளியே நின்ற டாக்ஸிக்காரரும் நம்ம பக்கத்து ஆள்.

“ஸ்டூடியோவாம்மா? நடந்தா கால் மணி. எங்கூட வந்தா அரை மணி. ரயில்வே கேட்டு மூடியிருக்கு.”

நடந்தேன்.

ஸ்டூடியோ குமாஸ்தா பிண்டோ, கோவாக்காரர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் போன வருஷத்து ரிஜிஸ்டரைப் பிரித்து விரலை வைத்தார். ஏ. நாச்சி. இந்தப் பேரை உங்களுக்கு யார் கொடுத்தது என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சண்டைக்குப் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

“தும்னே ஹி போலா, பாயி.”

நீதானே சொன்னாய் என்கிறார். அப்போதுதான் ஞாபகம் வந்தது. பதிவு நடந்த அன்று அண்ணனுக்குச் சோற்றுத் தூக்கு கொண்டுவந்தது நான். உள்ளே டிரம்ஸ் யார் என்று வாசலில் இவர் கேட்டார். “எங்க அண்ணாச்சி” என்றேன். எங்கள் பக்கம் மூத்தவர் பேரை வாயால் சொல்ல மாட்டோம். அண்ணாச்சி அவர் காதில் ஏ. நாச்சியாக விழுந்திருக்கிறது. காலையிலிருந்து ரமணி மேல் வைத்திருந்த கோபத்தில் பாதி என் மேலேயே திரும்பியது. மீதிப் பாதியை இன்றும் வைத்திருக்கிறேன். அவர் வாசித்துப் பார்த்தும் விட்டவர்.

“அஸ்லி நாம்?” என்றார் பிண்டோ. உண்மையான பேர் என்ன?

பிள்ளையைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன். “சுப்பையா” என்றேன். அவருக்குப் பிடிபடவில்லை, சுபாயா என்கிறார். எழுத்துக் கூட்டி எழுதி முடிப்பதற்குள் மூன்று தரம் சொல்ல வைத்துவிட்டார்.

மறுபடி அச்சடித்த தட்டுகளும் போன வாரமே கடைக்குப் போய்விட்டனவாம், இனிமேல் மாற்ற முடியாதாம். ஆனால் ‘ஏ. நாச்சியும் சுப்பையாவும் ஒருவரே’ என்று கடிதம் அடித்து, முத்திரை குத்திக் கொடுத்தார்.

நான்கு மணிக்குப் பட்டறை வாசலில் நின்றேன். அண்ணன் கடிதத்தை வாங்கி எழுத்துக் கூட்டிப் பார்த்தார்.

“ஏளா, எம் பேர நீயா சொன்ன?”

“மூணு தடவ.”

“அப்பா காதுல விழுந்திருந்தா ஒங் கன்னம் பழுத்திருக்கும்” என்று சிரித்தார். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத்தான் சிரித்தார்.

திங்கட்கிழமை வேலை கிடைத்தது. ஆனால் ஹோட்டல் வாசல் பலகையில் நாச்சி என்றுதான் எழுதினார்கள். தட்டைக் கேட்டவர்கள் அந்தப் பேரைத் தேடித்தான் வருவார்களாம். ஒன்பது வருஷம் அந்தப் பலகைக்குக் கீழே வாசித்தார்.

இப்போது போகிறவர்கள் செம்பூரை முதலில் பார்த்துவிடுங்கள். வெயில் ஏறினால் குர்லா பாலத்துப் படி ஆளைக் கொன்றுவிடும். ஸ்டூடியோ இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. வாட்ச்மேன் உள்ளே விடமாட்டார், ரோட்டிலிருந்து படம் எடுக்கலாம். தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், யாரிடமும் கேட்க வேண்டாம்.

பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒன்று. நாச்சி என்பதை அடிக்க வேண்டாம், அச்சானது அச்சானதுதான். பார்சி என்பதை மட்டும் எடுத்துவிட்டு, பக்கத்தில் சுப்பையா என்று எழுதுங்கள். ஒருவரே என்றும் எழுதுங்கள்.