விடிஞ்சதுலேருந்து பச்சைத் தண்ணி கூடாது

மயக்க மருந்து கொடுப்பவனுடைய வேலை விசித்திரமானது: நல்லபடியாக நடந்தால் நோயாளிக்கு அவன் முகமே ஞாபகம் இருக்காது, கெட்டுப்போனால் ஊரே அவன் முகத்தை மறக்காது.

அறுபதுகளின் கடைசியில் கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இந்த வேலை பார்த்தேன். சட்டையில் ஏறிய ஈதர் வாடையால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போன அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால், நீங்கள் நம்ம ஆள். என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். மற்றவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம்.

ஆறு இட்லி

பண்ருட்டியிலிருந்து ஒரு முந்திரி வியாபாரி குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தார். வயிற்றில் சாப்பாடு இருக்கும்போது மயக்கம் கொடுத்தால், வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கி ஆளையே கொன்றுவிடும். அதனால், "ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். பாதி மயக்கத்தில் எல்லாம் வெளியே வந்தது. மேஜையைத் தலைப்பக்கமாகச் சரித்து, தொண்டையைத் துடைத்து, அவர் சீராக மூச்சு விடுவதற்குள் எனக்கு மூச்சு நின்றுவிடும் போலிருந்தது.

பிழைத்துக்கொண்டார். மறுநாள் கட்டிலோரம் நின்று கத்தித் தீர்த்தேன். அவருக்குக் கோபமே வரவில்லை.

"வெறும் வயித்தோட போனா திரும்பி வரமாட்டேன்னு வூட்ல அழுவுறாங்க டாக்டர். அதான் ஆறே ஆறு இட்லி."

பழக்கமான விஷயம்

அன்றிலிருந்து வாய்ச் சத்தியத்தில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் முதல் நாள் சாயங்காலம் நானே வார்டுக்குப் போய்க் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வருவேன்.

அப்படிச் சொல்லப் போனதில் ஒருத்தி ஜொஹரா. பரங்கிப்பேட்டைப் பெண், இருபது வயதுக்குக் கொஞ்சம் மேலே. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தைத் தொட்டு, உள்ளே ஒரு வால்வு சுருங்கிப் போயிருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு இரைக்கும். மாதம் ஒருமுறை மெட்ராஸிலிருந்து ஒரு சர்ஜன் வருவார். விலாவைத் திறந்து, துடிக்கிற இதயத்துக்குள் விரலை விட்டு அந்த வால்வை விரித்துவிடுவார். போன தடவை நுரையீரலில் நீர் கோத்திருந்ததால் தள்ளிப் போட்டோம். மாத்திரை கொடுத்து இந்த மாதம் ஒரு நிலைக்குக் கொண்டுவந்திருந்தேன். இந்த முறையும் தவறினால் அடுத்த மாதம்வரை தாங்குவாளா என்று யாருக்கும் தெரியாது.

அது ரம்ஜான் மாதம். நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு என்று அவள் புருஷன் யூசுப் சொன்னான், நானும் சொன்னேன். அவள் கேட்கவில்லை. சரி, நமக்கு வசதிதான் என்று நினைத்துக்கொண்டு, எல்லோருக்கும் சொல்வதையே அவளுக்கும் சொன்னேன்: "நாளைக்கு விடிஞ்சதுலேருந்து பச்சைத் தண்ணிகூட வாயில படக்கூடாது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாசம் பூரா அப்படித்தான டாக்டர் இருக்கோம்? இதுக்குப் போய் இவ்ளோ பயமுறுத்துறீங்களே."

ஒரு ஏப்பம்

காலையில் மேஜைமேல் படுக்கவைத்ததும், "இன்னைக்கும் நோன்புதானே?" என்று கேட்டேன். "ஆமா டாக்டர்" என்றாள். கடவுளுக்காகப் பட்டினி கிடப்பவள் இட்லி விஷயத்தில் பொய் சொல்ல மாட்டாள் என்று எனக்குப் பெரிய நிம்மதி. ஊசி மருந்தைக் கையில் எடுத்துவிட்டேன். சர்ஜன் கை கழுவி முடித்து உறை மாட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது அவள் ஏப்பம் விட்டாள். மீன் வாசனை. வெட்கத்தோடு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாப்பு டாக்டர், சஹருக்கு மாமி மீன் ஆணம் ஊத்தி ரெண்டு தட்டு சோறு ஊட்டி வுட்டுட்டாங்க. கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு."

சர்ஜன் கேட்ட கேள்வி

ஊசியைக் கீழே வைத்தேன். சர்ஜனிடம் போய், "இந்த ஜனங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறமாட்டேங்குது சார், சாப்பிட்டுட்டு வந்திருக்கா" என்றேன். அவள் காதில் விழும்படிதான் சொன்னேன்.

"நீ என்ன சொன்ன? அப்படியே சொல்லு" என்றார்.

விடிஞ்சதுலேருந்து பச்சைத் தண்ணிகூட, என்று ஆரம்பித்தவன் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். விடிவதற்குள் சஹர் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, விடிந்ததிலிருந்து ஒன்றும் தொடாமல் இருப்பதுதானே நோன்பு? பக்கத்துத் தெருவில் பள்ளிவாசல் இருக்கும் ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். என் வார்த்தையை அவள் அட்சரம் பிசகாமல் கேட்டிருக்கிறாள். காது சுட்டது. அவள் எங்களையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். சர்ஜன் கையுறையைக் கழற்றினார்.

"மத்தியானம் ரெண்டு மணிக்குப் பண்ணலாம். என் ரயில் போனா போகட்டும். நீ போய் அந்தப் பொண்ணுகிட்ட, தப்பு அதுமேல இல்லைன்னு சொல்லு."

கண் விழித்ததும்

சொன்னேன். யூசுப்பையும் அவன் அம்மாவையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டே சொன்னேன். அந்த அம்மாள் தான் ஊட்டிய சோறுதான் வினையாகிவிட்டதென்று முக்காட்டுக்குள் அழுதுகொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்கு எங்கேயாவது ஓடிப் போகலாம் போலிருந்தது. ரெண்டு மணி வரை மருந்து அலமாரியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் ஆபரேஷன் நடந்தது. சர்ஜனின் விரல் உள்ளே போனபோது இதயம் தடுமாறியது. என் விரலுக்குக் கீழே அவள் நாடி காணாமல் போனது. ரப்பர் பையை அழுத்திக் காற்றைக் கொடுத்தபடி, வா வா என்று மனசுக்குள் கெஞ்சினேன். சர்ஜன் விரலை எடுத்தார். நாடி திரும்பி வந்தது, முன்னைவிட நிறைவாக.

அவள் கண் விழித்தபோது வெளியே நோன்பு திறக்கும் நேரத்து மஃரிப் பாங்கு கேட்டது. கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"என் நோன்பு முறிஞ்சிடுச்சா டாக்டர்?"

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில்

அடுத்த வருஷம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் பின்னாலிருந்து யாரோ கையைப் பிடித்தார்கள். யூசுப். கொஞ்சம் தள்ளி ஜொஹரா ஒரு கையில் கூடையும் ஒரு கையில் தூக்குமாக நின்றாள். மூச்சு இரைக்கவில்லை. ஆள் பூசினாற்போல இருந்தாள். கூட அவளுடைய அண்ணன், பினாங்கிலிருந்து வந்தவர். ஆபரேஷன் சமயத்தில் அவர் ஊரில் இல்லை.

யூசுப் கோபத்தில் பேசியிருந்தால் தலை குனிந்து கேட்டிருப்பேன். அவன் சொந்தக்காரனை அறிமுகம் செய்வதைப் போலச் சந்தோஷமாக என் தோளில் கைபோட்டுக்கொண்டான்.

"மச்சான், நான் சொன்னேன்ல, அந்த டாக்டர் இவருதான். இவரு நோன்பான்னு கேட்டதும் சரி, இவ ஆமான்னு சொன்னதும் சரி. நடுவுல உங்க தங்கச்சி போயிருப்பா."

அண்ணன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஜொஹரா சிரித்தாள்.

அதற்குப் பிறகு அத்தனை வருஷமும் எத்தனையோ பேரை நிம்மதியாகத் தூங்கவைத்தேன், ஆனால் முதல் நாள் சாயங்காலம் ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று "உங்க வீட்ல விடியறது எப்போ?" என்று கேட்கிற என்னைத்தான் எல்லோரும் பைத்தியம் என்று நினைத்தார்கள்.