தோக்சூ அண்ணனின் பார்லி அறை

மூன்று பார்லி மணிகளை வாயில் போட்டுக்கொண்டு, விரலால் இடது காதை அடைத்து, கோ தோக்சூ மெல்லக் கடிக்கிறார். காதை அடைத்தால்தான் உள்சத்தம் சரியாகக் கேட்குமாம். நறுக்கென்றால் தானியம் உலர்ந்திருக்கிறது. சத்தமே இல்லாமல் நசுங்கினால் ஈரம் ஏறிவிட்டது. பிறகு நம் உள்ளங்கையிலும் மூன்று மணிகளை வைப்பார். "கடிச்சுப் பாரு. சத்தம் வருதா?" வரவில்லை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. சொன்னால் மறுபடி கடிக்க வேண்டியிருக்கும்.

தேஜோன் நகரில் இருபத்தேழு வருடமாக லிஃப்ட் பழுதுபார்க்கிறார். கம்பி முனகுவதை மூன்று மாடி தள்ளி நின்று கேட்டுவிடுகிற மனிதர். வீட்டில் பியர் காய்ச்சும் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, முளைகட்டி உலர்த்திய பார்லியை வருடத்துக்கு இரண்டு முறை மூட்டைக் கணக்கில் ஜெர்மனியிலிருந்து வரவழைக்கிறோம். அத்தனையும் இறங்குவது தோக்சூ அண்ணன் வீட்டில். மகள் பூசானுக்கு வேலைக்குப் போன மறுவாரமே அவளுடைய அறை பார்லியுடையதாயிற்று. லீவுக்கு வந்தால் அவள் கூடத்தில் படுத்துக்கொள்கிறாள். மழைக்காலத்தில், வீட்டிலிருக்கும் ஒரே ஈரம் உறிஞ்சும் இயந்திரம் பார்லிக்குத்தான் ஓடும். அண்ணனும் அண்ணியும் வியர்த்துக்கொண்டு தூங்குவார்கள்.

அந்த அறையில் ரப்பர் வளைய மூடி போட்ட ஒன்பது பெரிய டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் நாலு வரிச் சீட்டு: எந்த ஊர், என்ன தானியம், எப்போது வந்தது, எப்போதைக்குள் தீர்க்க வேண்டும். நாலாவது வரி இல்லாத டப்பாவை அவர் டப்பா என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்.

யுன்சுக் அண்ணி இதற்கெல்லாம் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "என் அரிசியில ஒரு வண்டு கண்ணுல பட்டாலும், உங்க பார்லி மொத்தமும் அன்னிக்கே வெளிய போயிடணும்." அண்ணன் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டார்.

அண்ணியின் அரிசி அவருடைய அம்மா தன் ஊரான நோன்சானில் விளைத்தது. அந்த அம்மா பிப்ரவரியில் இறந்துபோனார். அவர் போன அக்டோபரில் அனுப்பிய கடைசி மூட்டையைத் தீர்க்க அண்ணிக்கு மனமில்லை. கடை அரிசியில் ஒரு பிடி கலந்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சமைப்பார். டப்பாவில் போடலாம் என்று அண்ணன் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "அம்மா அனுப்பின சாக்கு. அப்படியே இருக்கட்டும்."

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, என் பங்கு பார்லியை எடுக்கப் போயிருந்தேன். அரிசி களைந்துகொண்டிருந்த அண்ணி கிண்ணத்தைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்தார். தண்ணீரில் மூன்று கறுப்பு வண்டுகள் மிதந்தன. அண்ணி சமையலறைக்குத் திரும்பிப் போனார்.

அண்ணன் டார்ச்சை எடுத்தார். ஒன்பது டப்பாக்களையும் இரண்டு பேருமாக அடிவரை கிளறினோம். ஒரு வண்டு இல்லை. கடித்தோம், நறுக்கென்றது. பிறகு சமையலறை மூலையில் இருந்த அரிசிச் சாக்கின்மேல் வெளிச்சம் விழுந்தது. தையல் ஓரமாக வண்டுகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என் காலை மிதித்தார்.

"அம்மா அரிசியையும் கொட்டணுமா?" என்றார் அண்ணி. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

"அரிசியில ஒண்ணுமில்ல. என் பார்லியிலேருந்துதான் வந்திருக்கு. ஒரு மூடி சரியா உட்காரல, கவனிக்காம விட்டுட்டேன். நல்லாப் பொறுக்கி, ஒரு வாரம் ஃப்ரீசர்ல வெச்சா போதும்."

கவனிக்காமல் விட்டேன் என்று அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அன்று சாயங்காலமே எட்டு டப்பாக்கள் லிஃப்டில் இறங்கின. கூட்டாளிகள் வந்து எடுத்துப் போனார்கள். ஒவ்வொன்றையும் கொடுக்கும் முன் மூன்று மணிகளைக் கடித்துப் பார்த்தார். "சத்தம் குறைஞ்சா உடனே சொல்லு." இரண்டு டப்பாக்கள் என் வீட்டில் இருக்கின்றன. என் மனைவியும் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள்.

ஒன்பதாவதில் இருந்ததையும் என் பையில் கொட்டிவிட்டு, டப்பாவைக் கழுவித் துடைத்தார். அரிசியைச் செய்தித்தாளில் பரப்பிப் புருஷனும் பெண்டாட்டியும் வண்டு பொறுக்க உட்கார்ந்தார்கள்.

"இது ஜெர்மனியிலேருந்தா வந்துச்சு?" என்றார் அண்ணி.

"ஆமா."

"பாத்தா நோன்சான் வண்டு மாதிரியே இருக்கு."

"வண்டு எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்."

அண்ணி மறுபடி அரிசிமேல் குனிந்தார். அவர் பொறுக்காமல் விட்டதை அண்ணன் பொறுக்கினார்.

ஒரு வாரம் கழித்துப் போனபோது, ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் குளிர் போகவிட்ட அரிசி டப்பாவுக்குள் போயிருந்தது. அதோடு உறையவைத்திருந்த சாக்கும் மடித்து அரிசியின் மேலே இருந்தது. அண்ணன் ரப்பர் வளையத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவி, மூடியை அழுத்தி, சீட்டு ஒட்டினார். நோன்சான். அரிசி. போன அக்டோபர். நாலாவது வரிக்குப் பேனாவைக் கொண்டுபோனவர், ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.