அப்பாவின் எலும்புகள்

பேய்க் கதை சொல்பவர்கள் மழை, இருட்டு, ஆளில்லாத பாதை என்று ஆரம்பிப்பார்கள். என்னிடம் அவை எதுவும் இல்லை. எனக்கு நடந்தது பட்டப்பகலில், ஒரு மருத்துவக் கல்லூரியில், மணி இரண்டு பத்துக்கும் மூன்று நாற்பதுக்கும் இடையில். நான் நாற்பது ஆண்டுகள் எலும்பு மருத்துவராக இருந்தவன். சாட்சிக் கூண்டில் ஏறி, எந்த எலும்பு எப்போது முறிந்தது, எப்படி முறிந்தது என்று சொல்லியிருக்கிறேன். ஒரு வக்கீலாலும் என் வார்த்தையைப் புரட்ட முடிந்ததில்லை. அப்படிப்பட்டவன் சொல்கிறேன். இது நடந்தது.

என் அப்பா அந்தக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக்கொடுத்தவர். “செத்தாலும் என் வகுப்பு நிக்கக் கூடாது” என்று உடலைக் கல்லூரிக்கே எழுதிவைத்தார். எழுபத்தொன்றாவது வயதில் போய்ச் சேர்ந்தார். துறையின் காட்சிக்கூடத்தில், அவர் எப்போதும் பாடம் நடத்திய இடத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் எலும்புக்கூடு நிற்கிறது. கீழே பித்தளைப் பலகையில் அவருடைய பெயர். முப்பது ஆண்டுகளாக, அவர் இறந்த நாளில் அதன் முன்னால் கைகட்டி நின்றிருக்கிறேன். வீட்டுக்கு வந்த மருமகள்களையும் முதல் வேலையாக அங்கேதான் கூட்டிப்போனேன். இளைய மருமகள் மட்டும், “மாமா, இவர் போட்டோவுல இருக்கறத விடக் குள்ளமா இருக்காரே?” என்றாள். செத்தவர்கள் சுருங்குவார்கள் என்று அடக்கிவிட்டேன். எலும்பு சுருங்காது என்று எனக்குத் தெரியாதா?

போன ஆண்டு துறைத் தலைவி தொலைபேசியில் அழைத்தாள். என்னிடம் படித்தவள்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. புதுக் கட்டடத்துக்கு மாத்தறதுக்காக அளவெடுத்தோம். இடுப்பெலும்பு ஆம்பளையோடது மாதிரி இல்ல.”

“டேப்பை நேராப் பிடிச்சு அளந்து பாரும்மா.”

“மூணு பேர் தனித்தனியாப் பாத்தோம், சார்.”

புதுக் கட்டடத்தின் பெரிய கூடத்துக்கு அப்பாவின் பெயர். திறப்பு விழாவுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. ‘இவை என் தந்தையின் எலும்புகள், நான் பரிசோதித்து உறுதி செய்கிறேன்’ என்று நான் எழுதிக் கையெழுத்திட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும். இல்லாவிட்டால் பலகை இறங்கும். கூடத்தின் பெயரும் இறங்கும். மூன்று தலைமுறையாகத் தலை நிமிர்ந்து நடந்த குடும்பம் ஊர் வாயில் விழும்.

“நானே வந்து பாக்கறேன். கூட யாரும் வேண்டாம்” என்றேன்.

கல்லூரிக்கு விடுமுறை. வாசல் காவலாளி மாடிக்கு வந்து கூடத்தைத் திறந்துவிட்டு, பெட்டிச் சாவியைக் கையில் கொடுத்தான். “கரண்ட் இல்ல சார். வேர்க்கும்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். மணி இரண்டு பத்து. ஜன்னல்கள் மூடியிருந்தன. கண்ணாடி வழியாக வெயில் தரையில் நீளமாகக் கிடந்தது. பழைய மருந்து வாசனை. வேறொன்றும் இல்லை.

பெட்டியைத் திறந்தேன். உச்சந்தலையில் ஒரு கொக்கி, அதிலிருந்து இரும்புத் தண்டில் முழுக் கூடும் தொங்குகிறது. விரல்கள் மெல்லிய கம்பியில் கோத்தவை. கைகள் இரண்டும் தொடையருகே நேராகத் தொங்கின.

இடுப்பெலும்பின் பின்பக்கம் ஒரு வளைந்த வெட்டு உண்டு. அதில் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஆணுக்கு விரல் இறுக்கமாக அடைத்துக்கொள்ளும். பெண்ணுக்கு இப்படியும் அப்படியும் ஆடும்.

என் விரல் தாராளமாக ஆடியது.

புருவ மேட்டைத் தடவினேன். வழவழவென்று மேடே இல்லாமல் இருந்தது. கழுத்துக்குக் கீழே தோள்வரை போகும் காறையெலும்பின் உள்முனையைப் பார்த்தேன். எலும்பு வளர்ந்து முடிந்து, உடம்பில் கடைசியாக மூடுகிற இடம் அது. இங்கே இன்னும் முழுதாக மூடவில்லை. முதுகெலும்பில் தேய்மானம் கொஞ்சமும் இல்லை. முதல் ஆண்டு மாணவன்கூடச் சொல்லிவிடுவான். பெண். இருபத்தைந்து வயதுக்குள்.

முப்பது ஆண்டுகளாக அந்தக் கூடத்தில் நடமாடியவர்கள் அத்தனை பேரும் எலும்பு படித்தவர்கள். எல்லோரும் பலகையைப் படித்தோம். யாருமே எலும்பைப் படிக்கவில்லை.

பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு முக்காலி. உட்கார்ந்தேன். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. யாரோ ஒரு பெண். கேட்க நாதியில்லாதவளாகத்தான் இருப்பாள். அவளுக்கு இதனால் என்ன நஷ்டம்? எங்களுக்கோ எல்லாம் போகும். கையோடு கொண்டுபோயிருந்த தாளை மேஜையில் விரித்தேன். ‘இவை என் தந்தையின் எலும்புகள்’ என்று எழுதினேன். வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே பொய்ச் சான்றிதழ். கையெழுத்திட்டு நேரத்தையும் குறித்தேன். இரண்டு ஐம்பது.

பேனாவை மூடும்போது அந்தச் சத்தம் கேட்டது.

தட்.

மரத்தில் ஏதோ லேசாகப் பட்டதுபோல. மின்விசிறி ஓடவில்லை. காற்று இல்லை. திரும்பிப் பார்த்தேன். கூடு அசையாமல் நின்றது. ஆனால் அதன் வலக்கை விரல்கள் மடங்கியிருந்தன. பழைய கம்பி, நான் தொட்டதில் இழுபட்டிருக்கும் என்று நினைத்தேன்.

தட்... தட்... தட்...

பெட்டியின் மரச்சட்டத்திலிருந்துதான் வந்தது. தொழில் பழக்கம், நாடி பார்ப்பதுபோலக் கடிகாரத்தை வைத்து எண்ணினேன். நிமிடத்துக்கு நாற்பது. ஒரே அளவு. ஒரே அழுத்தம்.

எழுந்து போயிருக்க வேண்டும். முடியவில்லை. பயத்தால் இல்லை... எனக்குக் கொட்டாவி வந்தது.

எழுபத்து நான்கு வயதில் பகலில் ஒரு நாளும் தூங்கியதில்லை நான். கண் சொக்கியது. கை கால் கனத்தது. அந்தச் சத்தம் மட்டும் நிற்கவே இல்லை.

தட்... தட்... தட்...

விழித்தபோது கன்னத்தில் ஏதோ குளிர்ச்சியாகப் பட்டது.

இடுப்பெலும்பு.

நான் பெட்டிக்குள் சாய்ந்திருந்தேன்.

என் மூக்குக் கண்ணாடி மேஜைமேல் இருந்தது. மடித்து வைக்கப்பட்டிருந்தது. நான் கழற்றவில்லை.

மணி மூன்று முப்பத்தைந்து.

தலைமேல் ஏதோ இருந்தது. கனமே இல்லை. ஐந்து தனித்தனி முனைகள்...

அது அசைந்தது. நெற்றியிலிருந்து பின்னந்தலைக்கு. மெதுவாக.

மேலே பார்த்தேன்.

கொக்கியில் தொங்கும் மண்டை குனியாது. குனியவே முடியாது.

குனிந்திருந்தது.

நான் ஓடவில்லை. எங்கள் வீட்டு ஆண்கள் ஓடுகிறவர்கள் இல்லை. ஆனால் படியிறங்கி வாசலுக்கு வந்தபோது என் காலில் ஒரு செருப்புதான் இருந்தது. காவலாளி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான். மணி மூன்று நாற்பது.

“குழந்தை யாரோடது சார்?” என்றான்.

“எந்தக் குழந்தை?”

“நான் இறங்கி வந்தப்புறம் மாடில கேட்டுச்சே, அதுதான். ரொம்ப நேரம் அழுதுச்சே. கைக்குழந்தை அழுகை. மேல வரலாமான்னு பாத்தேன், அப்புறம் தானா ஓய்ஞ்சுபோச்சு. தூங்கிடுச்சாக்கும்னு இருந்துட்டேன்.”

தாள் என் கையில் கசங்கியிருந்தது. அதை நீவி, துறைத் தலைவியிடம் கொடுக்கச் சொல்லி அவனிடமே கொடுத்தேன். ஆம், அதற்குப் பிறகும் கொடுத்தேன். அவ்வளவு பிடிவாதம்.

திறப்பு விழா நடந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பெட்டி இருந்த பக்கம் திரும்பவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிறு காலை பத்தரை மணிக்குத் துறைத் தலைவி என் வீட்டுக்கு வந்தாள். மடியில் ஒரு காகித உறை. வீட்டார் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு பேசினாள்.

“சார், உங்க அப்பாவோட எலும்பு கிடைச்சிருச்சு. பழைய கிடங்குல, பெட்டியில. எல்லாத்துலயும் அவர் உடலுக்குப் போட்ட எண் இருக்கு. அப்போ பலகை முதல்ல தயாராகி வந்திருக்கு. எலும்பு காஞ்சு கோத்து முடிக்க ஒரு வருஷம் ஆகுமில்ல, அதனால ஏற்கெனவே நின்ன கூட்டுலயே பலகையை அடிச்சிருக்காங்க. அப்புறம் மாத்த மறந்துட்டாங்க.”

“ஏற்கெனவே நின்னது யாரு?”

அவள் உறையைப் பிரிக்கவில்லை. என்னிடம் நீட்டினாள். பழைய வரவுப் பதிவேட்டின் ஒரு பக்கம், நகல். பெண். வயது இருபத்து மூன்று. பிரசவமாகி எட்டாம் நாள் மரணம். உடலை ஒப்படைத்தவர்: கணவர். கையெழுத்து அப்பாவுடையது. தேதியைப் பார்த்தேன். நான் பிறந்து எட்டாவது நாள்.

அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் ஒரு நாளும் உச்சரித்ததில்லை. என்னை வளர்த்தவளையே அம்மா என்று கூப்பிட்டேன். இன்னொருத்தி இருந்தாள் என்பதே எனக்குத் தெரியாது. அப்பாவோ நாற்பது ஆண்டுகள் அவளை ஒரு குச்சியால் தொட்டுத் தொட்டுப் பாடம் நடத்தியிருக்கிறார். என்னையும் ஒரு வகுப்பில் முன்வரிசையில் உட்கார வைத்து.

“உங்க கடிதம் ஃபைல்ல இருக்கு, சார். நீங்க சொன்னா இந்தப் பக்கத்தை நான் பாக்கவே இல்ல” என்றாள் துறைத் தலைவி.

“கடிதத்தைக் கிழிச்சுப் போடும்மா. பலகையைக் கழட்டு. இவங்க பேரைப் போடு.”

“கூடத்தோட பேரு?”

“அதையும் இறக்கு.”

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். “அவ்வளவு தேவையா, சார்? இவர் மனைவின்னு ஒரு வரி சேர்த்தாப் போதுமே.”

அவள் அந்தப் பக்கத்தின் கடைசி வரிக்குப் போகவில்லை. நான் போயிருந்தேன். கூடு கோத்து முடித்த பிறகு நிரப்புகிற, எலும்புகளின் எண்ணிக்கை என்ற கட்டத்தில் அப்பா தன் கையால் எழுதியிருந்தார். இருநூற்றைந்து.

வளர்ந்த மனித உடம்பில் இருநூற்றாறு.

பக்கத்துக் கட்டத்தில், அதே மை, அதே நிதானமான எழுத்து: ‘நாவடி எலும்பு கல்லூரிக்குத் தரப்படவில்லை. என்னிடம் உள்ளது.’

நாக்குக்குக் கீழே, தொண்டையில், வேறெந்த எலும்போடும் சேராமல் தனியாக இருக்கும் சின்ன எலும்பு அது. ஒருவரின் கழுத்து நெரிக்கப்பட்டதா என்று நீதிமன்றம் கேட்டால், நாங்கள் முதலில் எடுத்துப் பார்ப்பது அதைத்தான்.