என் ஓட்டை நான் போடவில்லை

இந்தத் தேர்தலில் ஓட்டுப் போடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். மூன்று வேட்பாளர்களின் நோட்டீஸையும் அடிக்கோடிட்டுப் படித்தும் எவர்மீதும் நம்பிக்கை வரவில்லை.

மத்தியானம் பக்கத்து வீட்டு ஆச்சி மை வைத்த விரலை ஆட்டிக் காட்டினார்கள். "ஓட்டுப் போடாதவுக நாளைக்குக் குழாயில தண்ணி வரலைன்னு பேசப்படாது, வாத்தியாரையா!"

அது உறுத்தியது. நான்கு மணிக்குக் கிளம்பிப் போனேன்.

சாவடி அதிகாரி பட்டியலைப் பார்த்துவிட்டு, "உங்க ஓட்டு காலையிலேயே விழுந்துருச்சே?" என்றார்.

அருகில் உட்கார்ந்திருந்த கட்சி ஏஜெண்ட் எழுந்து வந்தான். என்னிடம் படித்தவன். "சார், காலையில நாந்தானே உங்களைக் கூட்டியாந்தேன்! அதுக்குள்ள மறந்துட்டீகளா?" என்று சிரித்தான். வாசலில் நின்ற அவனுடைய ஆட்கள் நாலு பேர் சிரிக்கவில்லை.

மை படாத என் விரலே சாட்சி. நம் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டால், நாம் போடத் தனிச் சீட்டுக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது என்பதும் எனக்குத் தெரியும்.

"ஆமாப்பா, வயசாயிருச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

நாளை பஸ்ஸில் காரைக்குடி போக வேண்டும். வெறும் விரலை யாராவது பார்த்து, அது அவன் காதுக்குப் போனால்? வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, என் பேனா மையை நானே விரலில் தடவிக்கொண்டேன். அவசரத்தில் பக்கத்து விரலிலும் பட்டுவிட்டது.

ஓட்டுப் போடாதவன் குறை சொல்லலாமா என்று ஆச்சியிடம் வாதாடலாம். என் வழக்கு அதற்குள் அடங்கவில்லை. நான் யாருக்குப் போட்டேன் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். யாரைக் குறை சொல்லக் கூடாது என்றாவது தெரிந்துகொள்கிறேன்.