பாட்டனார் பெயர் பதினெட்டு

மூன்று வருடங்களுக்கு முன், மழைக்காலத்தில், கொல்லிமலையில் நடந்தது. சமவெளியில் பிறந்து வளர்ந்த என்னை அப்போதுதான் மலைக்கு மாற்றியிருந்தார்கள். சாதிச் சான்றிதழ் மனுக்களைச் சரிபார்ப்பது என் வேலை.

திருப்புலி நாடு என்ற மலைப்பகுதியிலிருந்து மிளகு விவசாயி ஒருவர் மகளோடு வந்தார். முந்தின வாரம் நான் திருப்பி அனுப்பிய மனு அவர் கையில் இருந்தது. 'பாட்டனார் பெயர்' கட்டத்தில் 'பதினெட்டு' என்று எழுதியிருந்தார். பெயர் கேட்டால் எண்ணை எழுதுகிறாரே என்ற எரிச்சலில், 'தவறு' என்று குறித்து அனுப்பியிருந்தேன்.

"ஏனுங்க மேடம், அது நெம்பரு இல்லீங்க. எங்கப்பா பேரே அதானுங்க. ஆடிப் பதினெட்டுல பொறந்தவருங்க."

அவர் குரலில் கோபமே இல்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்குமே!

அந்தப் பெண்ணுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. மறுநாள் மாலைக்குள் சான்றிதழ் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு. ஒரு வாரத்தை நான் வீணடித்துவிட்டேன். பாட்டனார் பெயருக்குப் பழைய ஆதாரமும் வேண்டும்.

மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி, பழைய நிலப் பதிவேடுகளை என் மேசைக்குக் கொண்டுவந்தேன். தொட்டால் உதிரும் தாள்கள். நான் மெதுவாகப் புரட்ட, அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். சாப்பாட்டு நேரம் போனதே தெரியவில்லை. மூன்றாவது கட்டைப் புரட்டும்போது திடீரென்று துள்ளி எழுந்தாள்.

"அப்பா! இருக்காருப்பா!"

மங்கிய மையில், 'மிளகன் மகன் பதினெட்டு'. பக்கத்திலேயே சாதியும் தெளிவாக இருந்தது. நானும் எழுந்து கைதட்டிவிட்டேன். அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

"மிளகன்னா யாருப்பா?"

அவருக்கே தெரியவில்லை. பதினெட்டுக்கு மேலே யார் என்று அவர்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லையாம். "மிளகன்... மிளகன்..." என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். கண்கள் நிறைந்தன. உடனே சிரித்தும்விட்டார். "நாம போடற பயிரு பேரையே வெச்சிருக்காங்க, பாரு கண்ணு!"

"இன்னும் மேல பாக்கலாமுங்களா மேடம்?" என்றாள் அவள். அவளைவிட எனக்குத்தான் அவசரம். ஆனால் அதற்கு முந்தின ஏடுகள் செல்லரித்துக் கிடந்தன.

மறுநாள் காலை கையெழுத்தான சான்றிதழோடு இருவரும் மலையிறங்கும் சேந்தமங்கலம் பஸ்ஸுக்கு ஓடினார்கள். கல்லூரியில் சேர்ந்தாயிற்று என்று சாயங்காலம் போன் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போதெல்லாம் மனுவில் விநோதமான பெயரைப் பார்த்தால், எதிரே நிற்பவரை உட்கார வைத்து, அந்தப் பெயர் எப்படி வந்தது என்று ஆசையாகக் கேட்கிறேன். நான் அறியாததெல்லாம் தவறு அல்ல என்பதை எனக்குப் புரியவைத்தவர், நான் பார்த்தேயிராத அந்தப் பதினெட்டுதான்.