விஷமேகத்துக்கு ஒரு அனுமதித் துண்டு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எசன் நகரத்து அகதி விடுதியில் எங்கள் மாடிக்கு நான்தான் ஜெர்மன் பண்டிதர். ஐந்து மாத வகுப்பு. அந்தத் திமிரில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து எல்லோருக்கும் மொழிபெயர்ப்பேன். தெரியாத சொல் வந்தால் சொந்தச் சரக்கைப் போட்டு நிரப்புவேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம் கோட்டுப் போட்ட செய்தியாளர் ஒருவர் வியர்த்து விறுவிறுத்துப் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் இருந்த வரைபடத்தில் சிவப்பு வட்டம் பெருத்துக்கொண்டே வந்தது. ஆலை வெடித்துவிட்டது, விஷமேகம் வருகிறது, ஊரை விட்டு வெளியேறுங்கள். இதைச் சரியாகத்தான் மொழிபெயர்த்தேன். நடுவில் சலவைத்தூள் விளம்பரம் வந்தது. அதையும் நான் விடவில்லை.

"உடுப்பெல்லாம் உடனே தோய்க்கட்டாம்," என்றேன்.

பக்கத்து அறை அக்காவுக்கு இடம்பெயர்வது கைவந்த கலை. பத்து நிமிடத்தில் அரிசி, போர்வை, பத்திரங்கள் எல்லாம் ஒரே பைக்குள். எங்களையும் விரட்டி வாசலுக்குக் கொண்டுவந்தார். அங்கேதான் அவருடைய கணவர், அண்ணை, நின்றுவிட்டார்.

"தம்பி, துண்டில்லாமல் எப்பிடிப் போறது?"

நகர எல்லையைத் தாண்ட எங்களுக்கு அலுவலகத்தின் அனுமதித் துண்டு வேண்டும். அலுவலகம் திங்கட்கிழமைதான் திறக்கும். அண்ணையின் அகதி விசாரணையோ செவ்வாய்க்கிழமை. மூன்று வருடம் காத்திருந்து கிடைத்த நாள். துண்டில்லாமல் பிடிபட்டால் கோப்பில் ஏறிவிடும்.

"விஷம் வருது, இவருக்குத் துண்டு வேணுமாம்," என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் பையை இறக்கி வைத்தார். கோப்புக்கு அவரும் பயம்.

ஆக, தப்பி ஓட அனுமதி கேட்டு, மூக்கில் ஈரத்துவாயோடு ஒன்பது பேர் விடுதிப் பொறுப்பாளரிடம் போனோம். முற்றத்தில் கார் கழுவிக்கொண்டிருந்த மனிதர் வானத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், உள்ளே கூட்டிப்போய்த் தன் தொலைக்காட்சியைப் போட்டார். திரையில் பெயர்கள் வரிசையாக மேலே ஏறிக்கொண்டிருந்தன.

"இவ்வளவு பேரோ செத்தவை?" என்று அக்கா மெல்லக் கேட்டார்.

"நடிகர்கள். இது படம்," என்றார் பொறுப்பாளர். என் மானம் கப்பலேறியது. அவர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "உண்மையாக விஷம் வந்தாலும் துண்டுக்காகக் காத்திருப்பீர்களா?" என்று கேட்டார். அண்ணைக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ஓம் எண்டு சொல்லு தம்பி. யாழ்ப்பாணத்தில ஷெல் விழேக்கையும் வெளிக்கிடப் பாஸ் வேணும். நாலு நாள் வரிசையில நிண்டனாங்கள்."

இந்த முறை ஒரு சொல்லையும் சொந்தமாகச் சேர்க்காமல் பொறுப்பாளருக்கு மொழிபெயர்த்தேன். பொறுப்பாளரின் சிரிப்பு நின்றது. ஒரு தாளை எடுத்து, விஷம் வந்தால் இவர்கள் ஓடலாம் என்று எழுதி, விடுதி முத்திரையையும் குத்திக் கொடுத்தார். அதற்கு ஒரு பெறுமதியும் இல்லை என்று படித்துப் படித்துச் சொன்னேன். அண்ணை கேட்டால்தானே. பத்திரங்களோடு சேர்த்து விசாரணைக்கும் கொண்டுபோனார்.

எட்டு மாதம் கழித்து அவரை அகதியாக ஏற்றுக்கொண்ட கடிதம் வந்தது. இனி எவரையும் கேட்காமல் எல்லையைத் தாண்டலாம். அன்றே அண்ணை ரயிலேறி அடுத்த ஊரில் இறங்கி, ஒரு கோப்பி குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். சட்டைப்பையில் அந்தத் துண்டையும் வைத்திருந்தார்.